இடம் இல்லையா, எண்ணிப் பார்க்கலையா? சிவகாசி கடைத்தெருவும் பார்க்கிங்கும்

இந்த எபிசோட்ல பார்க்கிங் பற்றிப் பேசப்போறோம். ‘இதுல பேச என்ன இருக்கு, இடம் இல்லை, அவ்வளவுதானே’ன்னு உங்களுக்குத் தோணலாம். இடம் இல்லைன்னு எல்லாரும் சொல்றோம். எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றோமா?

சிவகாசியையே எடுத்துக்குவோம். 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சி ஆன ஊர். ஆனால் கடைத்தெரு இன்னும் பழைய ரத வீதிகளை ஒட்டித்தான் இருக்கு. அவை தேர் ஓடுவதற்காக அமைந்த வீதிகள். தேர் வருஷத்துக்குச் சில நாள்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் பைக், கார், ஆட்டோ, சரக்கு ஏற்றும் குட்டி யானை எல்லாம் அங்கேதான். ஆடிப்பெருக்கு கழிஞ்சு தீபாவளி வியாபாரம் சூடு பிடிச்சா, பட்டாசு வாங்க வர்ற வெளியூர் கார்களும் சேர்ந்துக்கும்.

உடனே வர்ற கோரிக்கை, ‘அடுக்குமாடி பார்க்கிங் கட்டுங்க’ என்பது. கட்டலாம். ஆனால் பத்து நிமிஷ வேலையா பைக்ல வந்தவர், மூணாவது மாடியில வண்டியை விட்டுட்டு இறங்கி வருவாரா? யார் எவ்வளவு நேரம் நிறுத்துறாங்கன்னு தெரியாம கட்டினா, கோடிக்கணக்கான பணம் போகும், தெரு அப்படியே இருக்கும்.

அதைத் தெரிஞ்சுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாலு கல்லூரி மாணவர்கள், நாலு நோட்டு போதும். ஒரு வீதியைப் பிரிச்சுக்கிட்டு, காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை அரை மணிக்கு ஒரு தடவை நடந்து, நிற்கிற வண்டிகளின் நம்பரில் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் எழுதணும். அடுத்த சுற்றுலயும் அதே நம்பர் இருந்தா, வண்டி நகரலைன்னு அர்த்தம். சாதாரண நாள், முகூர்த்த நாள், தீபாவளிக்கு முந்தின வாரம்னு மூணு நாள் எடுத்தா, ஊரின் பார்க்கிங் ஜாதகமே கையில இருக்கும்.

இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு. கடை வாசல்ல ஒரு பைக் நிற்கிற இடம். அங்கே காலையில வந்த வண்டி இரவு வரை நின்னா, அந்த இடம் ஒருத்தருக்குத்தான் பயன்பட்டது. ஆளுக்கு அரை மணி நேரம்னா, அதே பன்னிரண்டு மணி நேரத்துல 24 பேருக்குப் பயன்படும். சரி, நாள் முழுக்க நிற்கிற வண்டி யாருடையதா இருக்கும்? பெரும்பாலும் கடைக்காரருடையது, இல்லைன்னா கடையில வேலை பார்க்கிறவருடையது. ‘வாடிக்கையாளர் வர இடமில்லை’ன்னு வருத்தப்படுபவரே அந்த இடத்தை அடைச்சிருக்கலாம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரத்துப் பழைய கடைத்தெருவிலும் இதே கதைதான். தெருவோர இடங்களைக் கடை ஊழியர்களே பிடிச்சுக்கிட்டாங்க. 1993-ல் அங்கே கட்டணம் கொண்டுவந்தாங்க. முதலில் வியாபாரிகள் எதிர்த்தாங்க. வசூலாகும் பணம் அந்தத் தெருவுக்கே செலவாகும்னு உறுதி கொடுத்த பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பணத்தில் நடைபாதை, விளக்கு, மரம் எல்லாம் வந்தது. இதை ஆராய்ந்து எழுதியவர் டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர். நூறு இடத்தில் சுமார் 85 நிரம்பி, எப்போதும் ஒண்ணு ரெண்டு காலியா இருக்கிற மாதிரி கட்டணம் வைக்கணும் என்பது அவர் கருத்து. நம்ம நாட்டின் 2006 தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், பார்க்கிங் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்டணும்னுதான் சொல்லுது.

நம்ம பகுதிக்குன்னு இன்னொரு விஷயம் இருக்கு. 2016 அக்டோபர் 20. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளை வேனில் ஏற்றி இறக்கும் இடத்தில் தீப்பிடித்தது. புகை பக்கத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகுந்தது. அங்கே இருந்தவர்கள் மூச்சுத்திணறி இறந்தாங்க. உரிமம், கிடங்கு, பாதுகாப்பு விதி எல்லாம் தனியாகப் பேச வேண்டியவை. பார்க்கிங் பக்கமிருந்து பார்த்தால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு: சரக்கு வண்டி எங்கே, எந்த நேரத்தில், எதுக்குப் பக்கத்தில் நிற்கலாம்னு யார் முடிவு செய்யறது? இப்போதைக்குக் காலியா இருக்கிற இடம்தான் முடிவு செய்யுது. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் திரும்ப வேண்டிய முனையில் வரிசையா பைக் நின்னா, அந்தச் சில நிமிஷத்தின் விலை மற்ற ஊரைவிட இங்கே அதிகம்.

அதனால வரிசை இப்படி இருக்கணும்னு நினைக்கிறேன். முதலில் எண்ணணும். அடுத்து, தெருமுனைகளையும் ஆஸ்பத்திரி வாசல்களையும் கண்டிப்பா காலியா வைக்கணும். சரக்கு ஏற்றி இறக்கத் தனி இடமும் தனி நேரமும் குறிக்கணும். பட்டாசுச் சரக்குக்குக் கடைத்தெருவே கூடாது. கடை ஊழியர்களின் வண்டிக்கு ஐந்து நிமிஷ நடை தூரத்தில் மாதக் கட்டணத்தில் ஓர் இடம். அதுக்கப்புறம்தான் கட்டணம், அடுக்குமாடி எல்லாம். வண்டி நிறுத்தும் இடத்தைக் குறிக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவிலேயே இருக்கு. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

விருதுநகர் மெயின் பஜாரோ, சாத்தூரோ, உங்க ஊர் எதுவானாலும் சரி, ஒரே ஒரு தெருவை ஒரு நாள் எண்ணிப் பாருங்க. வந்த கணக்கை எங்களுக்கும் அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல பேசுவோம்.