அளவுகோல் யார் கையில்?

(பல்லேகலவில் கமக்காரரும் பல துறை அறிஞரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூர் மகாவலியின் இரு பெரும் அணைகளுக்கு இடையே இருக்கிறது. மேலே பொல்கொல்லை, கீழே விக்டோரியா. 1976 ஆம் ஆண்டு தொடக்கம் பொல்கொல்லை அணைக்கட்டு ஆற்று நீரின் ஒரு பங்கை மறித்து, ஏறத்தாழ ஐந்து மைல் நீளமான சுருங்கை வழியே உக்குவளை மின்னிலையத்துக்கு அனுப்பி வருகிறது. அங்கிருந்து அந்நீர் அம்பன் கங்கையைச் சேர்ந்து, வடமத்திய மாகாணத்துக் குளங்களுக்கும் வயல்களுக்கும் செல்கிறது. எஞ்சிய நீரோ, பிரித்தானிய உதவியுடன் கட்டப்பெற்று 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையிலே தேங்கி, மின்சாரம் தந்து, கீழ்நிலங்களை நனைத்து, ஈற்றில் கொட்டியாரக்குடாவிலே கடலோடு கலக்கிறது.

ஒரு நாளில் எவ்வளவு நீர் எப்பக்கம் திருப்பப்படுகிறது? எந்தக் கணக்கின்படி திருப்பப்படுகிறது? இக்கேள்வி பொறியியலாளருக்கு மாத்திரம் உரியதென்று எண்ணிவிடாதீர்கள். இதற்கு விடை சொல்லக் கூடியவர் சிலர். அவ்விடையால் வாழ்வோரும் தாழ்வோரும் பல்லாயிரவர்.

வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். ஐக்கிய நாடுகளின் துணையுடன் 1968 இல் வகுக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம் ஒன்பது இலட்சம் ஏக்கர் நிலத்துக்கு நீர் தருவதாகச் சொன்னது. வடமாகாணமும் அத்திட்டத்தின் எல்லைக்குள் இடம்பெற்றிருந்தது. 1977 இன் பின்னர் வந்த துரித மகாவலித் திட்டத்தில் மின்னுற்பத்தியும் புதுக் குடியேற்றமும் முன்னின்றன; வடக்கு நோக்கிய வாய்க்கால் தாளிலேயே நின்றுவிட்டது. இன்றுவரை மகாவலி நீர் இரணைமடுவைத் தொடவில்லை.

இதுபற்றித் தமிழ் மக்கள் எழுப்பிய குரல் நியாயமான குரல். ஆயின், குரல் மாத்திரம் போதுமா? மன்றிலே வழக்காடிப் பழகிய நாம் ஒன்றை நன்கறிவோம்: சான்றில்லாத நியாயம் நீதிமன்ற வாசற்படியைத் தாண்டுவதில்லை. நீர் வழக்கிலே சான்று என்பது அளவு. அளவுகோல் ஒருவர் கையிலே மாத்திரம் இருக்குமாயின் தீர்ப்பும் அவர் கையிலேயே இருக்கும்.

ஐரோப்பாக் கண்டத்தைப் பாருங்கள். றைன் நதி சுவிற்சர்லாந்து மலைகளில் உற்பத்தியாகி, யேர்மனியையும் பிரான்சையும் தழுவி, ஒல்லாந்திலே கடலை அடைகிறது. அதன் இரு கரைகளிலும் மனித இரத்தம் ஆறாய் ஓடிய காலம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் கழிந்த நிலையில், 1950 இல், சுவிற்சர்லாந்து, பிரான்சு, யேர்மனி, லக்சம்பேர்க், ஒல்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் பாசல் நகரிலே கூடி றைன் நதிக் காப்புக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தன. அது முதலிற் செய்தது யாது? எவரையும் தண்டிக்கவில்லை. ஆற்றை ஒருங்கே அளக்கத் தொடங்கியது. ஒருவர் தரும் அளவை மற்றவர் ஐயுறாத வண்ணம் பொதுவான முறையில் அளக்கப் பழகினார்கள். அதன் பின்னரே, 1963 இல், ஆணைக்குழுவுக்குச் சட்ட அடித்தளம் தந்த உடன்படிக்கை பேர்ன் நகரில் எழுந்தது.

அங்கும் பூசல்கள் இல்லாமலில்லை. பிரான்சின் அல்சாஸ் பகுதிப் பொட்டாசுச் சுரங்கங்கள் ஆற்றிலே உப்பைக் கொட்டின. கீழேயிருந்த ஒல்லாந்தின் தோட்டப் பயிர்ச் செய்கையாளர் வழக்குத் தொடுத்தனர். கெடுதி விளைத்த இடத்தில் மாத்திரமன்றிக் கெடுதி விளைந்த இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்று 1976 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்நாட்டான் செய்த தீங்குக்குக் கீழ்நாட்டு உழவன் தன் ஊர் மன்றிலேயே நீதி கேட்கலாம் என்பது இதன் பொருள். 1986 இல் பாசலுக்கு அருகே இரசாயனக் களஞ்சியமொன்று தீப்பற்றி, நஞ்சு கலந்து, ஆற்றின் மீனினம் மாண்டது. மறு ஆண்டே அந்நாடுகள் பொதுச் செயற்றிட்டமொன்றை வகுத்தன. காலப்போக்கில் அந்நதியை விட்டகன்றிருந்த சமன் மீன் திரும்பி வந்தது. 2000 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த நீர்ச் சட்டகப் பணிப்பு, ஆட்சி எல்லையை அன்றி ஆற்றுப் படுகையையே நிருவாக அலகாகக் கொண்டது. திட்டமிடுதலில் பொதுமக்களும் பங்குகொள்ள வழிசெய்தது. 2022 முதல் பல நாடுகள் தத்தம் ஆராய்ச்சி நிதியை ஒன்றுசேர்த்து, 'யாவர்க்கும் நீர்' எனப் பொருள்படும் பெயரிலே கூட்டாய்வு நடத்தி வருகின்றன.

"அது வெள்ளையர் நாடு, இங்கு நடவாது" என்பார்க்கு ஒன்று சொல்வோம். சர்வதேச நீர்ப்பாசன முகாமை நிறுவகம் 1984 இல் எங்கே தொடங்கியது? இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள திகனவிலே. பின்னர் அது கொழும்பை அண்டிப் பெயர்ந்து, பெயரையும் மாற்றிக்கொண்டது. நீரைப் பகிரும் கலையை உலகுக்கு ஆராய்ந்து சொல்லும் நிறுவனம் நம் அயலிலேதான் பிறந்தது.

அதனினும் பெரிய சான்று கல்லோயா. 1956 ஜூனில் தமிழர் மீது கொடுமை கட்டவிழ்ந்த அதே கல்லோயா! 1980களின் தொடக்கத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து கல்லோயா இடதுகரையில் ஓர் ஆய்வைத் தொடங்கின. இளைஞரும் யுவதிகளும் கமக்காரரிடையே சென்று வாழ்ந்தார்கள். கட்டளையிடாமல், அவர்தம் குறைகளைக் கேட்டார்கள். வயல் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் சிறு குழு அமைந்தது. வாய்க்காலைத் துப்புரவாக்கினர், முறைவைத்து நீர் பாய்ச்சினர், மிச்சம் பிடித்த நீரைக் கடைமடைக்கு விட்டனர். மேல்மடையில் சிங்களவர், கடைமடையிலே தமிழர். 1997 சிறுபோகத்தில் குளத்திலே நெல்லுக்குப் போதிய நீரில்லை என்று கமக்காரருக்குச் சொல்லப்பட்டது. ஆயினும் அவர்தம் அமைப்புகள் அளந்து பகிர்ந்து, ஏறத்தாழ 65,000 ஏக்கரில் வழமையினும் நல்ல விளைச்சலைக் கண்டன. போர் நடந்த காலத்திலே, மேல்மடைச் சிங்களக் கமக்காரர் கடைமடைத் தமிழ்க் கமக்காரரோடு நீரைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதற்கு மாறான காட்சியையும் மறைக்க வேண்டியதில்லை. 2006 ஜூலையில், மகாவலியின் கிளையான வெருகலாற்றை அண்டிய மாவிலாற்று மதகு விடுதலைப் புலிகளால் மூடப்பட்டது; அங்கிருந்து மீண்டும் போர் மூண்டது. பின்னர், இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். தமிழருக்கும் தமிழருக்கும் இடையிலான பூசல் அது. கமக்காரர் தம் பயிருக்கு அஞ்சினர். யாழ்ப்பாணத்தார் தம் கிணற்று நீரின் கேட்டுக்கு அஞ்சினர். இரு அச்சங்களும் மெய்யானவை. இரு சாராரும் ஏற்கும் பொதுக் கணக்குத்தான் இல்லாதிருந்தது. ஈற்றில் 2024 இல் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

ஆதலின் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: மகாவலி நீர் முகாமைச் செயலகம் போகந்தோறும் வகுக்கும் இயக்கத் திட்டமும், பொல்கொல்லையிலும் ஏனைய அணைகளிலும் எடுக்கப்படும் அளவுகளும் கிழமைதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படவேண்டும்.

இரண்டாவது: பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, ஆற்றின் தலை முதல் வால் வரை ஒரே முறையில் அளக்கவேண்டும். நீரின் அளவோடு அதன் தூய்மையும் ஆராயப்படவேண்டும்.

மூன்றாவது: அக்கூட்டாய்வில் கமக்காரருக்கு இடம் வேண்டும். மலையகத் தோட்டத் தொழிலாளருக்கும் இடம் வேண்டும். மலைச்சரிவின் மண் அரித்தால் கீழுள்ள அணை தூர்ந்துபோகும் என்பதை அவர்களினும் நன்கறிந்தவர் யார்?

அரசாங்கம் இசையும்வரை கைகட்டி நிற்கவேண்டுமா? வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. குடிமகன் எவரும் விண்ணப்பிக்கலாம்; காரணம் கூற வேண்டியதில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் அதிகாரி தம் முடிவை அறிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு. இங்கு வந்திருக்கும் சட்டத்தரணிகள் விண்ணப்பங்களை எழுதிக் கொடுங்கள். பொறியியலாளர்கள் வரும் இலக்கங்களைப் படித்துப் பொருள் சொல்லுங்கள். கமக்காரர்கள் உங்கள் மதகிலே ஓர் அளவுகோலை நட்டு, நாள்தோறும் குறித்து வையுங்கள். உங்கள் வாய்க்காலின் மறுபுறத்திலுள்ள சிங்கள, முஸ்லிம் கமக்காரரையும் அழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே குறியுங்கள். இருவரும் கையொப்பமிட்ட கணக்கை எந்த அதிகாரியும் எளிதில் தள்ளிவிட முடியாது.

நமக்குரிய பங்கைக் கேட்பது நம் உரிமை. எவ்வளவு என்று காட்டிக் கேட்பதற்கு வரும் பெரும்போகத்திலேயே ஆயத்தமாவோம்.