எண்ணின் கடைசி இலக்கம்



சரக்குக் கிடங்கில் நாள் முழுதும் எண்களை எழுதும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் சோம்பலுடையவர் அல்லர். அறிவில் குறைந்தவரும் அல்லர். ஆயினும் மாலைப் பொழுதில், கண் சோர்ந்த ஒரு கணத்தில், 12 என்பதை 21 என்று எழுதிவிடுகிறார். அதனால் ஒரு மருந்துப் பெட்டி வேறோர் ஊருக்குச் சென்றுவிடுகிறது. அம்மருந்துக்காகக் காத்திருப்பவர் படும் துன்பத்தை அந்த எழுத்தர் அறியவும் மாட்டார். மனிதக் கை என்றேனும் தவறும் என்பதை ஒப்புக்கொண்ட இடத்தில்தான் தானியங்கி முறைகளின் பயன் தொடங்குகிறது.

இன்று எல்லார் வீட்டிலும் காணப்படும் பார்கோடு அத்தகைய முறைகளுள் ஒன்று. அமெரிக்காவைச் சேர்ந்த உட்லண்ட், சில்வர் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஒஹையோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில், ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக இக்காலப் பார்கோடு முறையில் விற்கப்பட்டது. கருங்கோடுகளைக் கருவி படிப்பதால், எண்ணைக் கையால் எழுதும் வேலையே நீங்கியது.

கோடுகளின் அடியில் உள்ள 13 இலக்கங்களுள் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. முதல் 12 இலக்கங்களுள் ஒற்றை இடங்களில் உள்ளவற்றை அப்படியே கூட்டவேண்டும். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3 ஆல் பெருக்கவேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த தொகையைப் பத்தின் மடங்காக்கத் தேவைப்படும் எண்ணே கடைசி இலக்கம். சான்றாக 890123456789 என்னும் எண்ணைக் கொள்வோம். ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகை 28, இரட்டை இடங்களின் கூட்டுத்தொகை 34, அதன் மும்மடங்கு 102, மொத்தம் 130. ஆகவே கடைசி இலக்கம் 0. இதில் 1, 2 ஆகிய இரண்டும் இடம் மாறினால் மொத்தம் 132 ஆகும்; கடைசி இலக்கம் 8 ஆக இருந்திருக்க வேண்டும். உடனே கருவி அவ்வெண்ணை ஏற்க மறுத்துவிடும்.

ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இம்முறை தவறாமல் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், அவற்றின் வேறுபாடு 5 ஆக இருந்தாலன்றிக் கண்டுபிடிக்கும். கப்பலில் செல்லும் கொள்கலன்களின் எண்ணிலும், இந்திய இரயில்வேயின் சரக்கு வண்டிகளின் 11 இலக்க எண்ணிலும் இத்தகைய சரிபார்ப்பு இலக்கமே இறுதியில் நிற்கிறது. கொள்கலன் எண்ணில் மட்டும் கணக்கிடும் முறை வேறு.

எண் சரியாக இருந்தும் பெட்டி தவறாக இருக்கலாம் அல்லவா? அதற்காகக் கிடங்குகளில் மேலும் இரண்டு சோதனைகள் உண்டு. பொருளை எடுக்கும்போது ஸ்கேனர் அதன் எண்ணை ஆணையிலுள்ள எண்ணோடு ஒப்பிடுகிறது. கட்டி முடித்தபின் ஓடும் பட்டையில் பெட்டி எடைபோடப்படுகிறது. இருக்கவேண்டிய எடைக்கும் இருக்கும் எடைக்கும் வேறுபாடு கண்டால் பெட்டி தனியே ஒதுக்கப்படுகிறது. இவ்வாறு, ஒரு சோதனையில் தப்பிய பிழை அடுத்ததில் அகப்படுகிறது.

எனினும், பொய்யான தகவலைக் கொடுத்தால் இயந்திரம் அதனைப் பிழையின்றிப் பரப்பும். 2007ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கிய எம்.எஸ்.சி. நேப்பொலி என்னும் கப்பலின் உடற்பகுதி பிளந்தது. அதிலிருந்த 26 பேரும் உயிர் தப்பினர். கப்பலின் வலிமைக் குறைவே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. ஆனால் விசாரணையில் வேறொன்றும் வெளிப்பட்டது. மேல்தளத்தில் நனையாதிருந்த சுமார் 660 கொள்கலன்களை எடைபோட்டபோது, 137 கொள்கலன்களின் எடை அறிவிக்கப்பட்டதிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. கப்பலின் சுமையைக் கணக்கிடும் கணினிக்கு உண்மையான எடை கிட்டவேயில்லை. கணக்கு எவ்வளவு செம்மையாயினும் அடிப்படை பொய்யாயின் பயன் யாது?

2016ஆம் ஆண்டு ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றலாகாது என்னும் பன்னாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. நிரம்பிய கொள்கலனை முழுமையாக எடைபோடலாம். அல்லது உள்ளே வைக்கும் பொருள்களையெல்லாம் எடைபோட்டு வெற்றுக் கொள்கலனின் எடையையும் சேர்த்துக்கொள்ளலாம். எவ்வழியாயினும், எடையை மெய்யாகச் சொல்லும் கடமை அனுப்புவோரையே சார்ந்தது.

வணிகத்தில் ஈடுபடும் இளைஞர்கள் இதில் கொள்ளத்தக்கன இரண்டு. பிழை நேர்ந்தவுடன் பணியாளரைக் கடிந்துகொள்வதன்முன், அப்பிழையைத் தடுக்கும் ஏற்பாடு நம்மிடம் இருந்ததா என்று ஆராய்தல் வேண்டும். சிறிய கடைக்கும் ஒரு ஸ்கேனரும் ஒரு தராசும் எட்டாதவை அல்ல. இரண்டாவது, கருவியிடம் முதலில் இடும் தகவல் மெய்யாக இருத்தல் வேண்டும். கைதவறி நேரும் பிழையைக் கடைசி இலக்கம் பிடித்துவிடும். அறிந்தே எழுதும் பொய்யைப் பிடிக்கும் இலக்கம் எதுவும் இல்லை. அதற்கு எழுதுபவரின் மனமே காவல்.