வெள்ளை ஈயும் மஞ்சள் தேமலும்

(ஆர்.கே.பேட்டை வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



உளுந்து விதைத்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு நாட் காலையில் இளந்தளிரில், ஊசிமுனையால் தொட்டாற்போல, மஞ்சட் புள்ளிகள் இரண்டொன்று தென்படும். அடுத்த தளிரில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாய்க் கலந்திருக்கும். அதற்கடுத்த தளிர் முழுதும் மஞ்சளாகவே விரியும். காய் பிடித்தாலும் சிறுத்து வளைந்து போகும். உள்ளேயிருக்கும் மணி சூம்பியிருக்கும். இதனைத் தமிழ் பேசுவோர் மஞ்சள் தேமல் என்பர். இப்பகுதியில் தெலுங்கு பேசும் குடியானவர் பல்லாகு தெகுலு என்பர். உளுந்து, பாசிப்பயறு ஆகிய இரண்டையும் இது பிடிக்கும். அவரைக்கும் மொச்சைக்கும் இதன் பங்காளியான வேறொரு தேமல் உண்டு.

இதைக் கண்டவுடன் குடியானவர் செய்வது யாது? சத்துப் போதவில்லையென்று யூரியா இடுவார். பின்னர்க் கடையில் கொடுக்கும் மருந்தை வாங்கித் தெளிப்பார். பச்சை திரும்பவில்லையென்று இன்னொன்றையும் தெளிப்பார். அத்தனையும் வீண் செலவு. மஞ்சளித்த செடியை மீட்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலை முதலில் ஒரே சீராய் வெளுக்கும். தேமலோ நுனித்தளிரில் திட்டுத் திட்டாய்த் தொடங்கும். இவ்வொரு வித்தியாசத்தை அறிந்தால் யூரியாச் செலவாவது மிஞ்சும். இச்செலவுகள் பெரும்பாலும் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனிலிருந்தே போகின்றன என்பதை நினைக்க வேண்டும். உரிய தவணைக்குள் கட்டுவோர்க்குப் பயிர்க்கடனில் வட்டி இல்லை. மகசூல் பொய்த்துத் தவணை தவறினால் அச்சலுகையும் போய்விடும்.

நோய்க்குக் காரணம் வைரஸ் என்னும் நுண்கிருமி. சாதாரண பூதக்கண்ணாடிக்கு இது அகப்படாது. மிகச் சக்திவாய்ந்த மின்னணுக் கருவியில், இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்தாற்போல் தோன்றும். காற்றில் பறந்தோ பாசன நீரில் மிதந்தோ இது வருவதில்லை. வெள்ளை ஈ என்னும் பூச்சியே இதனைச் சுமந்து வருகிறது. இவ்வீ எள்ளின் பாதி அளவுகூட இராது. இலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும், அங்கேயே முட்டையிடும். செடியை அசைத்தால் மாவு பறந்தாற்போல எழும்பி மறுபடி அமரும். நோயுற்ற செடியில் உறிஞ்சிய ஈ சில மணி நேரம் கழித்து நல்ல செடியில் அமர்ந்தால் போதும், அதற்கும் நோய் தொற்றும். ஒருமுறை நோயேற்ற ஈ அதனைப் பல நாட்கள் தன் உடலில் தாங்கித் திரியும். மழை பெய்தால் ஈ குறையும். வெயில் ஏறினால் பெருகும். தை, மாசிப் பட்டப் பயிர் வெயிலில் அதிகமாய்ச் சேதப்படுவது இதனாலேயே.

இந்த வகைத் தேமலை மேற்கிந்தியாவில் 1948-ல் லிமா அவரையிலும் 1950-ல் மொச்சையினத்திலும் கபூர், வர்மா என்ற இருவர் எடுத்துக் காட்டினர். பாசிப்பயற்றின் நோயை டில்லியில் கண்டு நாரியானி 1960-ல் வெளியிட்டார். ஆயினும் குடியானவர் கவனிக்கத் தக்க பாடம் பிரேசில் தேசத்தில் இருக்கிறது. அங்கே பீன்ஸ் செடியின் பொன்னிறத் தேமல் 1960-களில் அற்ப நோயாகவே தோன்றிற்று. 1970-களில் சோயா சாகுபடி பெருகிற்று. சோயாவில் வெள்ளை ஈ செழித்து வளர்ந்து, அங்கிருந்து பீன்ஸ் வயல்களில் இறங்கிற்று. பீன்ஸ் பயிரிடுவதையே கைவிட்ட பிரதேசங்களும் உண்டு. இந்நோய்க்கு ஈடுகொடுக்கும்படி மரபணு மாற்றிய பீன்ஸ் வகைக்கு அந்நாட்டு சர்க்கார் அனுமதி தந்தது 2011-ல்தான்.

ஈயை வளர்க்கும் பயிர் ஒருவருடையது, நஷ்டம் வேறொருவருடையது. இங்கும் அப்படியே. கத்தரியிலும் வெண்டையிலும் பருத்தியிலும் வரப்புக் களைகளிலும் ஈ வளர்கிறது. பக்கத்து உளுந்தில் நோய் பரவுகிறது. ஒருவர் தையில் விதைக்கிறார், அண்டைக் கொல்லைக்காரர் மாசியில் விதைக்கிறார். முன் விதைத்தது முற்றி உலரும் சமயத்தில் அதிலுள்ள ஈ முழுதும் பின் விதைத்ததன் இளந்தளிரைத் தேடிச் செல்லும். இளமையில் நோய் கண்ட செடி ஏறக்குறைய ஒன்றும் காய்ப்பதில்லை. காய் முற்றும் சமயத்தில் கண்டால் சேதம் சொற்பம். ஆகவே தாமதமாய் விதைத்தவருக்கே பெரும்பாலும் முழு நஷ்டம். 1960-ல் திருத்தணி தாலூகா சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தபோது வகுத்த எல்லையையும் இந்த ஈ அறியாது. அப்பாலுள்ள உறவினரோடும் இது பேசத் தக்க விஷயமே.

இதனாலேயே இது சங்கத்தின் காரியமாகிறது. ஒரு பகுதியிலுள்ள அங்கத்தினர் யாவரும் ஒரே வாரத்தில் விதைப்பதென்று தீர்மானிப்பது முதல் வேலை. விதைத்த ஒரு மாதம் வரை ஒவ்வொருவரும் தம் வயலைச் சுற்றி வந்து, மஞ்சள் கண்ட செடியை உடனே வேரோடு பிடுங்கிப் புதைக்க வேண்டும். பிடுங்க மனம் வராது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு செடி காய்த்து வீடு வரப் போவதில்லை. வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ கம்போ நெருக்கி விதைத்தால் வெளியிலிருந்து வரும் ஈ ஓரளவு தடைபடும். மஞ்சள் நிற அட்டையில் பசை தடவி நட்டால் ஈ ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஈ வந்திருக்கிறது என்று அறியவே அது முக்கியமாய்ப் பயன்படும். விதைநேர்த்தி மருந்தும் தெளிப்பு மருந்தும் நோய் பரவுமுன் ஈயை அடக்கவே உதவும். வேளாண்மை அலுவலர் சொல்லும் அளவுக்கு மேல் அடிக்கடி தெளித்தால், ஈ மருந்துக்குப் பழகுவதோடு, ஈயை அழிக்கும் நன்மைப் பூச்சிகளும் மாண்டு போகும்.

எல்லாவற்றிலும் மேலானது விதை. புதுக்கோட்டை ஜில்லா வம்பனிலுள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து ரகங்களைத் தந்திருக்கிறது. வம்பன் 6, வம்பன் 8 என்பன அவற்றுள் சில. தாங்கும் ரகம் என்பதால் நோய் அணுகவே அணுகாது என்று எண்ணலாகாது. மேற்சொன்ன காவல்கள் அதற்கும் வேண்டும். ஏக்கருக்கு 8 கிலோ விதை தேவை. விதைக்கும் வாரத்தில் ஒவ்வொருவராய்த் தேடினால் கிடைப்பது சந்தையில் எந்த ரகமென்றறியாத உளுந்துதான். தை விதைப்புக்குக் கார்த்திகையிலேயே அங்கத்தினர் தத்தம் ஏக்கரைச் சங்கக் காரியதரிசியிடம் எழுதி வைத்தால், மொத்தத் தேவையைக் கணக்கிட்டு வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்கூட்டிக் கேட்கலாம். சந்தேகம் தெளியத் திரூர் வேளாண் அறிவியல் நிலையம் இதே ஜில்லாவில் இருக்கிறது. 1904-ல் இம்மாகாணத்தின் முதல் ஐக்கிய நாணய சங்கம் ஏற்பட்டதும் அந்தத் திரூரிலேதான்.