மனு எழுதத் தெரிந்தவர்கள்

(கூட்டம் ஒன்றில் பேசியதின் எழுத்து வடிவம்)



போயிங் கம்பெனி அமெரிக்காவின் ஃபெடரல் அரசிடம் எப்படிக் காரியம் சாதிக்கிறது என்று பேசச் சொன்னார்கள். கவிதை எழுதுகிற பேங்க் கிளார்க்குக்கும் ஏரோப்பிளேனுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஏரோப்பிளேனில் நான் ஏறினதே இல்லை. ஆனால் படிவங்களோடு குடித்தனம் நடத்துகிறவன். ஒரு அதிகாரத்தைப் புரிந்துகொள்ள அது பூர்த்தி செய்கிற படிவத்தைப் பார்க்கணும் என்பது என் கட்சி.

லாபி என்றால் கட்டடத்து முன்கூடம். சபைக்குள் போகிற உறுப்பினரை முன்கூடத்தில் மடக்கிப் பேசுவதால் அந்தத் தொழிலுக்கே அது பேராகிவிட்டது. அங்கே இது ரகசியமில்லை, சட்டப்படியான தொழில். 1995-இல் வந்த சட்டப்படி லாபி செய்கிறவர்கள் பதிவு செய்யணும், கணக்குக் காட்டணும். 2007-இல் அதைத் திருத்தி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆக்கினார்கள். எந்த மசோதா, பேசின ஆள் யார், அவர் முன்பு அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவரா, செலவு எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. யார் வேணுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த செனட்டரைப் பார்த்தீர்கள் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் கிடையாது. 'செனட்' என்று மட்டும் எழுதினால் போதும். தொகையையும் பத்தாயிரம் டாலருக்கு ரவுண்ட் பண்ணிக்கொள்ளலாம். எங்கள் பிராஞ்சில் சாயந்திரம் கேஷ் டேலி ஆகாமல் பத்து ரூபாய் இடித்தால் வீட்டுக்குப் போக முடியாது!

2018-இல் போயிங் காட்டிய லாபிச் செலவு 1 கோடியே 50 லட்சம் டாலர் அளவில் இருந்தது. அதற்கடுத்த வருசங்களிலும் ஒரு கோடிக்குக் குறையவில்லை.

இதற்கு அவர்கள் சொல்கிற நியாயம் என்ன தெரியுமா? அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். குறைகளைத் தீர்க்கச் சொல்லி அரசுக்கு மனுக் கொடுக்கிற உரிமை மக்களுக்கு உண்டு என்கிறது அது. (மனு என்றதும் நம்ம ஆட்களுக்கு வேறு ஞாபகம் வரும். நான் சொல்வது காகித மனு.) ஆக, கம்பெனியும் மனுதாரர்தான். இதே உரிமையில்தான் செத்தவர்களின் குடும்பங்களும் வந்து நின்றார்கள். இரண்டு மனுவும் என்ன ஆச்சு என்பதுதான் நான் பேச வந்தது.

2018 அக்டோபர் 29. ஜகார்த்தாவிலிருந்து பங்கால் பினாங் போன லயன் ஏர் விமானம் கிளம்பிய 13 நிமிடத்தில் கடலில் விழுந்தது. 189 பேர். 2019 மார்ச் 10. அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குக் கிளம்பிய எத்தியோப்பிய விமானம் ஆறே நிமிடம். 157 பேர், 35 நாட்டுக்காரர்கள். இரண்டும் 737 மேக்ஸ் 8. ஒரே ஒரு சென்சர் தந்த தப்பான தகவலை நம்பி, எம்காஸ் என்கிற மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. அப்படி ஒன்று இருப்பதே லயன் ஏர் விமானிகளின் கையேட்டில் இல்லை.

முதல் விமானம் விழுவதற்கு 24 நாள் முன்பு, அக்டோபர் 5-இல், ஒரு சட்டம் கையெழுத்தானது. விமானத்துக்குச் சான்று தருவது எஃப்.ஏ.ஏ. என்கிற ஃபெடரல் நிர்வாகம். அந்தச் சோதனை வேலையில் இன்னும் கூடுதலாகக் கம்பெனிகளின் கையிலேயே ஒப்படைக்க அந்தச் சட்டம் வழி செய்தது. போயிங் அதற்காக லாபி செய்திருந்தது. ஆத்திரத்தில் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது: அந்தச் சட்டத்தால் அந்த விமானம் விழவில்லை. மேக்ஸ் 8 அதற்கு முந்தின வருசமே சான்று வாங்கிவிட்டது. மேற்பார்வையைத் தளர்த்தி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை இந்தச் சட்டம் இன்னும் அகலப்படுத்தியது.

குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. 2019 அக்டோபர் 29, லயன் ஏர் விழுந்து சரியாக ஒரு வருசம். கம்பெனித் தலைவர் டென்னிஸ் மியூலன்பர்க் செனட் விசாரணையில் உட்கார்ந்திருக்க, அவருக்குப் பின்னால் செத்தவர்களின் போட்டோவைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். 2020 டிசம்பர் 27-இல் அவர்கள் மனுவுக்குப் பலன் கிடைத்தது. சான்று முறையை இறுக்கி ஒரு சட்டம். அதில் ஒரு கெடு: இரண்டு வருசத்துக்குப் பிறகு சான்று பெறுகிற விமானத்தில், பல எச்சரிக்கைகள் ஒன்றாக அலறினால் எதை முதலில் கவனிப்பது என்று விமானிக்கு வரிசைப்படுத்திக் காட்டும் ஏற்பாடு இருக்கணும். 737-இல் அது கிடையாது. 1967-இல் முதலில் பறந்த வடிவம் அது.

2022 வந்தது. மேக்ஸ் 7, மேக்ஸ் 10 இரண்டுக்கும் சான்று வரவில்லை, கெடு நெருங்குகிறது. அந்த மே மாதம் கம்பெனி தலைமையகத்தைச் சிகாகோவிலிருந்து ஆர்லிங்டனுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆர்லிங்டனில்தான் பென்டகன் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் வாஷிங்டன். ஜூலையில், அடுத்த தலைவர் டேவிட் கால்ஹூன், கெடுவைத் தளர்த்தாவிட்டால் மேக்ஸ் 10-ஐயே கைவிட வேண்டிவரலாம் என்று பேட்டி கொடுத்தார். இது மனுவா மிரட்டலா, நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். மேக்ஸ் 8-லும் 9-லும் பழைய விமானி அறை. 7-லும் 10-லும் வேறு மாதிரி வைத்தால், மாறி மாறி ஓட்டுகிற விமானி குழம்புவார், அதுவே ஆபத்து என்றார்கள். தள்ளிவிடுகிற வாதமில்லை இது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கம் தளர்த்தக் கூடாது என்றது. விமானிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. அப்படியானால் சபையில் வைத்து விவாதித்து, இந்தப் பக்கம் இத்தனை ஓட்டு என்று முடித்திருக்கலாமே?

நடந்தது வேறு. முதலில் ராணுவச் செலவு மசோதாவில் ஒட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. பிறகு அரசாங்கமே மூடிவிடாமல் இருக்க நிறைவேற்றியாக வேண்டிய செலவு மசோதாவில் ஒட்டினார்கள். 1.7 லட்சம் கோடி டாலர், நாலாயிரம் பக்கத்துக்கு மேல். அதை எதிர்த்து ஓட்டுப் போட்டால் அரசு ஊழியனுக்குச் சம்பளம் நிற்கும். கெடு 27-ஆம் தேதி. ஜோ பைடன் கையெழுத்துப் போட்டது 29-ஆம் தேதி. (2020 சட்டமும் இப்படித்தான் ஒரு செலவு மசோதாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாசல் ஒன்றுதான், திறக்கிற கைதான் வேற.)

பதிலுக்கு ஒன்று கிடைத்தது. செனட்டர் மரியா காண்ட்வெல் கேட்டபடி, மேக்ஸ் விமானங்கள் எல்லாவற்றிலும் சென்சர் சம்பந்தமான கூடுதல் பாதுகாப்பு வைக்கணும், பழையதில்கூடப் பொருத்தணும் என்று சேர்த்தார்கள். குடும்பங்கள் அழுதழுது வாங்கினது என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விசயம் என்னைத் தூங்கவிடவில்லை. வாஷிங்டன் வரை போய்ப் போட்டோ பிடிக்க முடிந்தவர்களில் எத்தியோப்பிய விமானத்தில் உறவை இழந்த அமெரிக்கர்களும் உண்டு. அவர்களுக்கு ஓட்டு இருக்கு, தொகுதி இருக்கு, செனட்டர் இருக்கார். பங்கால் பினாங்குக்கு எந்த செனட்டர்? மசோதா எழுதுகிற ஊரில் அவர்களை எண்ணும் பெட்டியே கிடையாது. ஆனால் அந்த ஊர் தருகிற சான்றைப் பார்த்துத்தான் உலகத்தில் பாதிப் பேர் விமானம் ஏறுகிறார்கள்.

அவசரப்பட்டு வாங்கின விலக்குக்குப் பிறகும் 2023 போனது, 2024 போனது. மேக்ஸ் 7-க்கும் 10-க்கும் சான்று வரவில்லை. 2024 ஜனவரி 5-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ் 9 ஒன்றின் கதவு அடைப்பு நடுவானில் பிய்ந்து பறந்தது. அப்போது எஃப்.ஏ.ஏ.விடம் கம்பெனியின் இன்னொரு மனு கிடந்தது: மேக்ஸ் 7 இன்ஜின் முகப்பில் பனி உறையாமல் சூடாக்கும் ஏற்பாட்டில் இருக்கிற குறையோடேயே சான்று கொடுங்கள், பிறகு சரிசெய்கிறோம் என்று. அதை நிராகரிக்கச் சொல்லி செனட்டர் டாமி டக்வொர்த் எழுதினார். மாதக் கடைசியில் கம்பெனி அதை வாபஸ் வாங்கிக்கொண்டது.