காருக்குள் இருக்கும் கம்பனியும் சீட்டுக் காசும்



போன மாத உரை ஒலிபரப்பாகிய மறுநாள் காலை ஸ்காபறோவிலிருந்து ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, மகன் சீட்டுக் காசு முழுவதையும் பிளக்பெரிப் பங்கில போடப்போறன் எண்டு நிக்கிறான். அந்தக் கம்பனி படுத்திட்டுதெல்லோ? பேந்தென்ன பங்கு?" என்று கேட்டார். சீட்டுக் காசு என்றால் இருபத்தையாயிரம் டொலர். அவர் வயோதிபர் இல்லத்தில் இரவு வேலை, கணவர் பேக்கரியில் விடிகாலை வேலை. அப்படிக் கட்டி எடுத்த காசு. 'போடலாம்', 'போடக்கூடாது' என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த உரையில் சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் பங்கு விற்பவன் அல்ல. முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன், அவ்வளவுதான்.

முதலில், தங்கச்சியின் சந்தேகத்தில் பாதி சரி. வாட்டர்லூவில் தலைமையகம் வைத்திருக்கும் பிளக்பெரி 2016லேயே தானாகத் தொலைபேசி செய்வதை விட்டுவிட்டது. நம்மில் பலர் இடுப்பில் கொழுவித் திரிந்த அந்தப் பழைய தொலைபேசிகளுக்கான சேவையும் 2022 ஜனவரி 4ஆம் திகதியோடு நின்றது. ஆனால் மகன் சொல்லுவது அந்தத் தொலைபேசியை அல்ல. பிளக்பெரிக்குள் இருக்கும் கியூனிக்ஸ் என்ற பகுதியைப் பற்றித்தான் அவர் சொல்லுகிறார்.

கியூனிக்ஸ் நம் ஒன்ராறியோவில் பிறந்த சரக்கு. 1980ல் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர்களான டான் டொட்ஜ், கோர்டன் பெல் என்ற இருவர் தொடங்கியது. ஒட்டாவாவின் கனாட்டாவில் வளர்ந்தது. 2004ல் ஹார்மன் என்ற ஒலிக்கருவிக் கம்பனி வாங்கியது. 2010ல் பிளக்பெரி, அப்போது அதற்கு வேறு பெயர், ஹார்மனிடமிருந்து வாங்கியது. தொலைபேசிக்காக வாங்கியது கடைசியில் காருக்கு உதவியது.

இவர்கள் செய்வது பொருளுக்குள் பொதிந்திருக்கும் மென்பொருள். கணினியில் நாங்கள் பார்க்கிற விண்டோஸ் மாதிரி அது கண்ணுக்குத் தெரியாது. காரின் வேகம் காட்டும் திரை, பாதை விட்டு விலகினால் எச்சரிக்கும் கருவி, வைத்தியசாலையில் இருக்கும் இயந்திரங்கள், தொழிற்சாலை றோபோக்கள், இவற்றின் அடியில் ஓடுவது. இதன் விசேஷம் என்னவென்றால், வீட்டுக்கு அறைக்கு அறை நெருப்புத் தாங்கும் சுவர் வைத்துக் கட்டினதுபோலக் கட்டியிருக்கிறார்கள். ஒரு அறையில் பிழை வந்தால் மற்ற அறைக்குப் பரவாது. பாட்டுப் போடும் பகுதி நின்றுபோனால் பிறேக்கும் நின்றுபோகக் கூடாதல்லவா? 2025ல் உலகத்தில் 275 மில்லியன் வாகனங்களில் தங்கள் மென்பொருள் ஓடுகிறது என்று கம்பனி சொன்னது. நீங்கள் இன்று வேலைக்கு ஓடிப்போன காரிலும் இருக்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். இந்த வியாபாரத்தில் காசு வரும் விதம்தான் முக்கியம், அதை விளங்காமல் காலாண்டு அறிக்கையை வாசித்தால் பிழையாகத்தான் வாசிப்போம்.

ஒரு கார்க் கம்பனி இன்று இவர்களைத் தெரிவு செய்தால் பெரிய காசு இன்று வராது. வடிவமைப்பு வேலைக்கும் மென்பொருள் எழுதும் கருவிக்கும் கொஞ்சம் வரும். அந்தக் கார் வரைந்து, சோதித்து, தொழிற்சாலையிலிருந்து வெளியே வர இரண்டு மூன்று வருடத்துக்கு மேலும் ஆகும். அதன்பிறகு ஒவ்வொரு கார் வெளியே வரும்போதும் ஒரு உரிமைக் கட்டணம். ஊரில் தென்னம்பிள்ளை வைக்கிற கதைதான். கன்று வைத்த வருடத்தில் தேங்காய் கேட்கக் கூடாது. அதேபோல, காய்க்கிற மரத்தை ஒருவரும் சும்மா தறிக்கவும் மாட்டார்கள். பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்த மென்பொருளை இடையில் மாற்றுவது கார்க் கம்பனிக்குப் பெரிய செலவு, பெரிய தலையிடி.

ஆகவே இப்படிப்பட்ட கம்பனிகள் 'வரவிருக்கும் உரிமைக் கட்டணம்' என்று ஒரு தொகை சொல்லுவார்கள். கியூனிக்ஸுக்கு அது 2023ல் 640 மில்லியன் டொலரளவு, 2024ல் 815 மில்லியன், 2025ல் 865 மில்லியன். எல்லாம் அமெரிக்க டொலர். கனடாக் கம்பனியாக இருந்தும் கணக்கை அமெரிக்கக் காசில்தான் காட்டுகிறார்கள், இதையும் கவனியுங்கள். இந்த 865 மில்லியன் பெட்டிக்குள் இருக்கும் காசு அல்ல. இத்தனை கார் விற்கும் என்று போட்ட மதிப்பீடு. கார் விற்காவிட்டால் வராது. 2021ல் சில்லுத் தட்டுப்பாடு வந்து கார்த் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தபோது இப்படிப்பட்ட மென்பொருளுக்கான கட்டணமும் கூடவே சுருங்கியது.

மகன் எனக்கு அனுப்பிய செய்தியில், 'விற்பனை விழுந்துவிட்டது, விலை குறைவு, இப்போ வாங்கலாம்' என்று இருந்தது. அவர் பார்த்த எண்கள் இவை. 2025 பெப்ரவரியில் முடிந்த காலாண்டில் கியூனிக்ஸின் வருமானம் 65.8 மில்லியன். அடுத்து மே மாதம் முடிந்த காலாண்டில் 57.5 மில்லியன். பார்த்தால் விழுந்ததுபோலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வியாபாரத்தில் வருட முடிவுக் காலாண்டு எப்போதும் கொழுத்தது. பொங்கல் மாதத்து மளிகைக் கடை வியாபாரத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டால் கடைக்காரர் அழவேண்டியதுதான். போன வருடத்து அதே காலாண்டோடு ஒப்பிடவேண்டும். அங்கே 53 மில்லியன் இருந்தது. ஆக, விழவில்லை, நூற்றுக்கு எட்டு வீதம் கூடியிருக்கிறது. ஆகஸ்ட் 2025ல் முடிந்த காலாண்டில் 63.1 மில்லியன், அது நூற்றுக்குப் பதினைந்து வீத வளர்ச்சி.

பெப்ரவரி 2025ல் முடிந்த முழு வருடத்துக்கு கியூனிக்ஸ் 236 மில்லியன் எடுத்தது, முந்திய வருடம் 215. பத்து வீத வளர்ச்சி. ஒழுங்கான வளர்ச்சி, ஆனால் பறக்கிற வளர்ச்சி அல்ல. விற்கிற ஒவ்வொரு டொலரிலும் எண்பது சதத்துக்கு மேல் மொத்த இலாபம் நிற்கிறது, ஏனென்றால் மென்பொருளை இன்னொரு தரம் பிரதி எடுக்கச் செலவில்லை. அந்த எண்பது சதத்தில் பொறியியலாளர் சம்பளம், விற்பனைச் செலவு, நிர்வாகம் எல்லாம் போகவேண்டும். அதோடு பங்கு வாங்குகிறவர் கியூனிக்ஸை மட்டும் வாங்க முடியாது. அரசாங்கங்களுக்குப் பாதுகாப்பான தகவல் தொடர்பு விற்கும் பகுதியையும் சேர்த்தே வாங்குகிறார். மே 2025 காலாண்டில் முழுக் கம்பனியின் வருமானம் 121.7 மில்லியன், கடைசியாக மிஞ்சிய இலாபம் 1.9 மில்லியன். நூறு டொலருக்கு ஒன்றரை டொலர். அறிக்கையில் 'சரிசெய்த இலாபம்' என்று இன்னொரு பெரிய எண்ணும் இருக்கும். சில செலவுகளை ஒதுக்கிவைத்துப் பார்ப்பது அது. பொய் அல்ல, ஆனால் மாமியாரின் மருந்துச் செலவைக் கழிக்காமல் வீட்டுக் கணக்குப் பார்க்கிற மாதிரி.

எதிர்காலம் எப்படி என்றால், கார்கள் சில்லுப் பூட்டிய கணினிகளாக மாறுகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2009ல் இன்டெல் 884 மில்லியன் டொலருக்கு வாங்கிய வின்ட் றிவர் என்ற இதே துறைக் கம்பனியை, 2022ல் அப்டிவ் என்ற கார் உதிரிப்பாகக் கம்பனி 3.5 பில்லியன் கொடுத்து வாங்கியது. பெரிய ஆட்கள் இந்தத் துறையை மதிக்கிறார்கள். மறுபக்கம் இலவச லினக்ஸ், கூகிளின் அன்ட்றொயிட் எல்லாம் காருக்குள் நுழைகின்றன. திரைக்கு அவை போதும், பிறேக்குக்குப் பக்கத்தில் வருவதுதான் கடினம். அந்த எல்லைக்கோடு எங்கே நகரும் என்பதில்தான் கியூனிக்ஸின் அடுத்த பத்து வருடம் தங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பங்கின் விலை இந்தக் கணக்கோடு மட்டும் போவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021 ஜனவரித் தொடக்கத்தில் நியூயோர்க்கில் 7 டொலரளவில் நின்ற இதே பங்கு, அந்த மாதம் முடிவதற்குள் ஒருநாள் 25 டொலரில் முடிந்தது. காருக்குள் ஒன்றும் மாறவில்லை. இணையத்தில் இளைஞர்கள் கூடி ஏற்றினார்கள். அன்று 25க்கு வாங்கியவர்கள் கன காலம் காத்துக்கொண்டு இருந்தார்கள். நானும் 2000ஆம் ஆண்டில் அப்படி ஒரு கம்பனியின் பங்கை, பெயர் வேண்டாம், கலியாண வீட்டில் ஒருவர் சொன்னதைக் கேட்டு வாங்கினேன். அறிக்கை ஒன்றையும் வாசிக்கவில்லை. தங்கையைக் கூப்பிடுவதற்கென்று வைத்திருந்த காசில் பாதி போனது. அவள் வர இரண்டு வருடம் பிந்தியது. அவள் அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் கேட்டதில்லை.

இதெல்லாவற்றையும் மகனோடும் ஒரு மணித்தியாலம் கதைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை. அடுத்தநாள் அறிக்கை முழுவதையும் அச்செடுத்து வாசித்துவிட்டு, "மாமா, 865 மில்லியன் எத்தனை வருடத்தில வரும் எண்டு இதில எங்க இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதைத் தேடிப் பிடிக்கும்வரை வாங்குவதில்லை என்று இப்போதைக்கு முடிவு. வாங்கினாலும் தன் சம்பளத்தில் ஆயிரம் டொலருக்கு மட்டும் என்கிறார். சீட்டுக் காசு அம்மாவின் கணக்கில் இருக்கிறது. அவர்களுடைய மோட்கேஜ் புதுப்பிக்கும் திகதி கிட்ட வருகிறது, அதற்கு வங்கி சொல்லுகிற வட்டியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவதாகத் தங்கச்சி சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.