ஈட்டும் வழியில் தொடங்கும் அறம்

தாம்பரம் வட்டாரச் சிறு நிறுவனங்களின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்த உரை



விழா நாட்களில் வணிகப் பெருமக்கள் மனமுவந்து வழங்கும் கொடை பலவகைப்பட்டது. அன்னதானம், மருத்துவ உதவி, மாணவர்க்கு நூல், கோசாலைக்குத் தீவனம் என அப்பட்டியல் நீண்டது. அக்கொடையின் மதிப்பைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்பது ஈட்டிய பின் கொடுப்பதில் தொடங்குகிறதா, ஈட்டும் வழியிலேயே தொடங்குகிறதா என்னும் வினா இன்று எழுப்பத்தக்கது. சிறு நிறுவனங்களுக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், தன் 135ஆம் பிரிவில், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பைக் கட்டாயமாக்கியது. 2014 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் உள்ள பெரும்பாலான கடைகளும் பட்டறைகளும் இந்த அளவை எட்டுவதில்லை. அவற்றுட் பல கம்பெனிகளே அல்ல. தனியுரிமை நிறுவனங்களாகவோ கூட்டாண்மை நிறுவனங்களாகவோ இயங்குபவை. எனவே, "இச்சட்டம் பெரியவர்களுக்கு உரியது, சிறியவர்களுக்கு இதில் வேலையில்லை" என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது.

அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை அச்சட்டத்தின் விதிகளே உணர்த்துகின்றன. ஒரு கம்பெனி தன் வழக்கமான தொழிலின் போக்கில் செய்யும் செலவும், தன் ஊழியர்க்கு மட்டுமே பயன்படும் செலவும் சமூகப் பொறுப்புக் கணக்கில் சேரா என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஊழியர்க்கு உரிய ஊதியம் தருவதையும், கழிவுநீரைத் தூய்மையாக்கி வெளியேற்றுவதையும் கொடையென எழுதிக்கொள்ள முடியாது. அவை எல்லா நிறுவனங்களுக்கும் உரிய கடமைகள்; லாபம் வருமுன்னரே நிறைவேற்றப்பட வேண்டியவை. 2 விழுக்காட்டுக் கணக்கு பெரியவர்களுக்கு மட்டும் உரியதாயினும், அதற்கு முற்பட்ட கடமை அனைவர்க்கும் பொது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. குரோம்பேட்டை என்னும் பெயரே சான்று. அங்கு இயங்கிய குரோம் லெதர் கம்பெனியால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. பின்னர் பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பகுதிகளில் சிறு தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் பெருகின. அவற்றுட் பெரும்பாலானவை குடும்பத்தார் நடத்திய சிறு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வெளியேற்றிய கழிவு அளவிற் சிறியது. அனைத்தும் சேர்ந்து நிலத்தில் இறங்கியபோது விளைந்த கேடு பெரியது.

அக்கேட்டின் இயல்பை அறிதல் நன்று. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடப்படுகிறது. பதனிடுமுன் அந்த உப்பு கழுவப்பட்டு நீரோடு வெளியேறுகிறது. குரோமிய உப்பு கொண்டு பதனிடும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தோலில் ஏறும். எஞ்சியது கழிவுநீரில் நிற்கும். உப்பு நீரில் கரைந்துவிட்டால் வழக்கமான சுத்திகரிப்பு முறையால் அதைப் பிரிக்க இயலாது. கிணற்று நீர் உவர்த்துப்போனால் அதை மீட்கப் பல மழைக்காலங்கள் வேண்டும். அந்தக் கிணற்று நீரை நம்பி வாழ்ந்தவர்கள் தோல் தொழிலில் ஒரு காசும் ஈட்டாதவர்கள். லாபம் ஒருவர்க்கும் இழப்பு மற்றொருவர்க்கும் போவதே இங்குள்ள அநீதி.

தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்கச் சிறு தொழிற்கூடங்களுக்கு இடமும் இல்லை, பொருளும் இல்லை. அந்நிலையில் பல்லாவரத்துத் தோல் பதனிடுவோர் ஒன்று கூடி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கெனத் தனியே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தனர். ஒவ்வொருவரும் தத்தம் கழிவுநீரைக் குழாய் வழியே அனுப்பி, அதற்குரிய பங்கைச் செலுத்தும் ஏற்பாடு அது. போட்டியாளர்கள் பொதுக் கடமைக்காகக் கூட்டாளிகளாயினர்.

1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாவரம் அடங்கியிருந்த அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1996 நவம்பர் 30க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிக் கருவியோ அமைக்க வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. அத்தீர்ப்பு இரு கோட்பாடுகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. தீங்கு முற்றிலும் மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்னரே காக்க வேண்டும் என்பது மற்றொன்று. தன் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் சுமை, செயலைச் செய்பவர் மேலேயே விழுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தோல் தொழில் சமண இல்லறத்தார் கைக்கொள்ளாத தொழில். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டோர் அதிலிருந்து கற்க என்ன உள்ளது? கற்க வேண்டியது அத்தொழிலை அன்று. சிறியோர் ஒன்று கூடினால் பெரிய கடமையையும் தாங்க இயலும் என்பதையே. மேலும், தொழிலின் பெயர் தூயது என்பதனால் அதன் கழிவும் தூயதாகிவிடாது. நகைப் பட்டறையில் பயன்படும் நைட்ரிக் அமிலமும், வண்டிப் பட்டறையின் பழைய எண்ணெயும், மின்கலக் கடையின் ஈயமும் சாக்கடையில் கலந்தால், அங்கும் உயிர்கள் மடிகின்றன. ஈயும் எறும்பும் துன்புறாவண்ணம் பார்த்து நடப்பவர், கடையின் பின்புறக் கால்வாயையும் பார்த்தல் வேண்டும். நீரை வடிகட்டி அருந்துவதும், வடிகட்டியபின் துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலைக்கே திரும்பச் சேர்ப்பதும் சமண மரபு. உட்கொள்ளும் நீருக்குக் காட்டும் அக்கறை வெளியேற்றும் நீருக்கும் உரியதே.

சமண நூல்கள் இல்லறத்தாரின் வணிகத்தைப் பற்றி நுணுக்கமாகவே பேசியுள்ளன. கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து குற்றங்களைக் காட்டுகிறது. திருடத் தூண்டல், திருட்டுப் பொருளை வாங்கல், அரசின் விதியை மீறல், குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் கொள்ளல், போலிப் பொருள் கலத்தல் என்பன அவை. இவ்வைந்தும் கடைக்கல்லாவின் அருகே நிகழும் குற்றங்கள். அவ்வாறே, இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் ஏரி குளங்களை வற்றச்செய்தலும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது.

தாம்பரம் வட்டாரத்தார் இக்கடைசிச் செய்தியை உற்று நோக்க வேண்டும். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி, ஏரிகளால் கோக்கப்பட்ட ஊர். சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம் எனப் பெயர் சொன்னாலே ஏரி நினைவுக்கு வரும். செம்பாக்கத்தின் மிகைநீர் நன்மங்கலம் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிச் செல்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம் அது. மேற்கே முடிச்சூரும் வரதராசபுரமும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட துயரம் மறக்கத்தக்கதன்று. ஏரியின் வரத்துக்கால்வாயில் ஒரு கடைக்காரர் தள்ளும் கட்டட இடிபாடும், மழைநீர் வடிகாலில் சேரும் ஒரு நெகிழிப் பையும் தனித்தனியே அற்பமானவை. தோல் தொழிற்கூடங்களின் கதையைப் போலவே, இங்கும் அற்பங்கள் கூடியே பேரிடர் விளைகிறது.

இனி, பத்துப் பதினைந்து பேர் பணிபுரியும் ஒரு நிறுவனம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, கழிவை அறிதல். ஒரு மாத காலம் கடையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பொருளையும் எடையோடு குறித்துவைத்தால், எது வீண், எது நஞ்சு, எது மறுபடி பயன்படும் என்பது விளங்கிவிடும். உப்பு நீரில் கரையுமுன் தோலை உதறி உப்பைப் பிரித்தெடுப்பதே தோல் தொழிலில் சிறந்த முறை எனக் கண்டனர். பிறவிடத்தே தடுப்பது எளிது, பரவியபின் மீட்பது அரிது என்னும் இவ்வுண்மை எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். அமிலம், எண்ணெய், பழைய மின்கலம், மின்னணுக் கழிவு ஆகியவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. அதைக் கடைப்பிடிக்க மஞ்சப்பை போதும்.

இரண்டாவது, பணியாளர். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர்க்கு ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. பணியாளரின் பெயரை ஏட்டில் ஏற்றாமல் அப்பங்கைச் சேமிப்பவர், அவர் நோயுறும் நாளில் அவர் குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறார். நாள் முழுதும் நின்றே பணிபுரியும் விற்பனையாளர்க்கு இருக்கை தர வேண்டும் என 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு முக்காலியின் விலையில் நிறைவேறும் கருணை அது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பெண்களின் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பதும் சட்டக் கடமை.

மூன்றாவது, கொடுக்கல் வாங்கல். குறு, சிறு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களே. விழாவில் பெருங்கொடை அளித்துவிட்டு, பெட்டி செய்து தந்த சிறு பட்டறைக்காரரை ஆறு மாதம் அலையவைப்பது அறமாகாது. அக்கொடையின் ஒரு பகுதி அப்பட்டறைக்காரரின் பணம்.

"இவற்றுக்கெல்லாம் செலவு யார் தருவது? எதிர்க்கடைக்காரர் செய்யாதபோது ஒருவர் மட்டும் செய்தால் விலை கட்டுமா?" என்னும் கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையைத்தான் பல்லாவரத்தார் தந்தனர். தனியே தாங்க முடியாததைத் தெருவே சேர்ந்து தாங்கலாம். ஒரு கடைத்தெருவின் இருபது கடைகள் சேர்ந்து ஒரு கழிவு சேகரிப்பு வண்டிக்கும், ஓர் அமிலத் தொட்டிக்கும், ஒரு மழைநீர்க் கிணற்றுக்கும் பங்கிட்டுச் செலவு செய்யலாம். வணிகர் சங்கமும் அறக்கட்டளையும் இதற்கு முன்னின்றால், போட்டி என்னும் அச்சம் நீங்கும். நீதிமன்றம் நாள் குறிக்கும் வரை காத்திராமல் தாமே நாள் குறித்துக்கொள்வது மானமுள்ள வழி.

தீபாவளியன்று புதுக்கணக்குத் தொடங்கும் வழக்கம் சமண வணிகரிடம் உண்டு. அவ்வேட்டில் வரவு செலவுக்கு முன்னதாக ஒரு பக்கத்தை ஒதுக்கலாம். சென்ற ஆண்டில் கடையிலிருந்து சாக்கடைக்குச் சென்றது எவ்வளவு, பணியாளருள் காப்பீடு இல்லாதவர் எத்தனை பேர், தவணை கடந்து நிற்கும் சிறு பட்டறைக் கடன் எவ்வளவு என்னும் மூன்று வரிகளை அதில் எழுதினால் போதும். அடுத்த ஆண்டு அவ்வெண்கள் குறைந்திருக்க வேண்டும். செய்த பிழையை நாள்தோறும் எண்ணிப் பார்த்துத் திருந்தும் பிரதிக்கிரமணத்தைக் கைக்கொண்ட இல்லறத்தார்க்கு இக்கணக்கு புதியதன்று. அது கடைக்கும் வர வேண்டும், அவ்வளவே.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அறம் பொருள் ஈட்டுவதைத் தடுப்பதில்லை. அதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. அடுத்தவர் கிணற்றுக்கும், பணியாளர் உடல்நலத்துக்கும், ஏரியில் வாழும் உயிருக்கும் கேடு வரும் இடத்தில் அந்த எல்லை நிற்கிறது. அவ்வெல்லைக்குள் நின்று ஈட்டிய ஒரு ரூபாயைக் கோயில் உண்டியலில் இடும்போது, அதற்கு வேறு யாரும் விலை கொடுத்திருக்க மாட்டார்.