காட்சிசாலையில் சொல்லும் பொருளும்

பொருட்காட்சிசாலையில் உள்ள கருவிகள் தாமாகப் பேசுவதில்லை. அருகே நின்று விளக்குபவரின் சொல்லே அவற்றுக்கு வாயாக அமைகிறது. அச்சொல் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், பழைய மாதா கோவில் ஒன்றிலே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் காட்சிசாலை அமைந்துள்ளது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் மேலெழுந்தது தும்பாவிலிருந்துதான். பூமியின் காந்த நடுக்கோடு அக்காலத்தில் இவ்வூருக்கு மிக அருகே சென்றமையே இவ்விடத்தைத் தேர்ந்ததற்குரிய முக்கிய காரணம்.

‘நடுக்கோடு’ என்றதும் மாணவர்க்கு ஐயம் எழுதல் இயல்பே. பூமத்திய ரேகைக்கு வடக்கே 8½ பாகையில் அன்றோ தும்பா இருக்கிறது? இங்கே இலக்கணம் உரைப்பதால் பயன் இல்லை. மேலும் கீழும் தடையின்றி அசையும் காந்த ஊசி ஒன்றைக் காட்டலாம். வடக்கே செல்லச் செல்ல அதன் வடமுனை தாழும். தெற்கே செல்லின் தென்முனை தாழும். இரண்டும் தாழாமல், சரியாக நின்ற தராசுக்கோல் போல ஊசி கிடையாக நிற்கும் இடங்களை இணைப்பதே காந்த நடுக்கோடு. இதனை உணர்ந்தபின் சொல் தானே மனத்தில் பதியும்.

உவமையிலும் எச்சரிக்கை தேவை. ராக்கெட்டுக்குத் தீபாவளி வாணத்தை உவமை கூறுவர். நல்ல உவமைதான். ஆயினும், வாணத்தின் புகை தரையையும் காற்றையும் உதைப்பதால்தான் அது எழுகிறது என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடும். அப்படியாயின், காற்றற்ற வெளியில் ராக்கெட் எங்ஙனம் செல்லும்? ராக்கெட் வாயுவைப் பின்னே தள்ளுகிறது. வாயு ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. மூன்றாவது பொருள் எதுவும் வேண்டியதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் உவமையே பிழைக்கு வித்தாகும்.

இந்நகரில் மற்றொரு சிக்கலும் உண்டு. சாலைக் கடைத்தெரு, கரமனை முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. தமிழில் ‘நிறை’ எனப்படுவதை மலையாளத்தில் ‘பிண்டம்’ என்பர். தமிழ்ச் சிறுவனுக்கோ பிண்டம் என்றால் நீத்தார் கடனில் இடும் சோற்றுருண்டை! அவன் திகைப்பான், வெட்கத்தால் கேளாமலும் இருந்துவிடுவான். அறிவின்மை என நாம் தவறாகக் கொள்ளும் மௌனம் பல வேளைகளில் இத்தகையதே. நிலவில் ஒரு பொருளின் எடை ஏறத்தாழ ஆறில் ஒன்றாகக் குறையும், அதன் நிறையோ மாறாது என்று விளக்கி, இரு மொழிச் சொற்களையும் அருகருகே வைத்தால் அவன் திகைப்பு நீங்கும்.

ஆதலின், முதலில் பொருளைக் காட்டுக. அடுத்து வீட்டு மொழியில் விளக்குக. அதன்பின் கலைச்சொல்லைத் தருக. இறுதியில், கேட்டதை மாணவனே தன் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு செய்க. விளக்கம் பயன்பட்டதா என்பதை அவன் வாய்மொழி ஒன்றே காட்டும்.